செவ்வாய்க்கிழமை மட்டும் வரும் மனநல கவுன்சிலர்

செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணி ஷிப்ட், நாலு மணி நேரம். கோவையில் நான் போகிற டயாலிசிஸ் சென்டரில் மூணு வருஷமாக இதுதான் என் வேலை; முன்னால் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சுத்தம், ஊசி போடுகிற கை, எதிலும் குறை கிடையாது. ஏசிதான் எலும்பைத் துளைக்கும், போர்வை கொண்டு போங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் ஓடுவதால் கைக்காசு போவதில்லை.

எழுத வந்தது, ஆறு மாசமாக அங்கே வரும் மனநல கவுன்சிலர் பொண்ணைப் பற்றி. முதல் நாள் ஒன்பது கேள்வி போட்ட தாளை நீட்டியது. தூக்கம் வருதா, பசிக்குதா, அசதியா இருக்கா. "ஏம்மா, கிட்னி போனவன் எல்லாத்துக்கும் ஆமான்னுதான சொல்லுவான்?" என்றேன். சிரித்துவிட்டு, "சரிங்ண்ணா, ஆசையா செஞ்சது எதை இப்ப விட்டுட்டீங்க?" என்றது.

சாயங்காலம் பேக்கரிக்குப் போவதை. எனக்கு ஒரு நாளைக்கு டீயும் சேர்த்து 750 மில்லிதான் தண்ணீர். கூட்டாளிகள் டீ குடிக்க, நான் வேடிக்கை பார்ப்பதா? "அரை டம்ளர் அறுபது மில்லிதானுங்ண்ணா. பாட்டில்ல அந்த அளவைக் கீழ ஊத்திட்டுப் போங்க." இப்போது தினமும் அதைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போகிறேன்.

பக்கத்துக் கட்டில் காலியானால் "வேற சென்டர் மாறிட்டார்" என்பதுதான் அங்கே வழக்கம். நமக்கா தெரியாது? போன தடவை இந்தப் பொண்ணு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அவர் தவறிட்டாருங்ண்ணா" என்று நேராகச் சொன்னது. கண்ணைத் துடைக்கிறேன் என்று ஊசி இருந்த கையைத் தூக்கிவிட்டேன், மெஷின் கத்த ஆரம்பித்தது. நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டி, அப்புறம் அவரும் அழுதார்.

குறை இருக்கிறது. செவ்வாய் மட்டும்தான் வருகிறது. திங்கள், புதன், வெள்ளிக்காரர்களுக்கு ஒன்றுமில்லை. பேசுவது திரைக்குப் பின்னால்தான், அடுத்த கட்டிலுக்கு எல்லாம் கேட்கும். வெளியே இரும்பு நாற்காலியில் நாலு மணி நேரம் காத்திருக்கும் என் வீட்டுக்காரியை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நான்தான் 14416 நம்பரைக் கொடுத்தேன். டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண்; இலவசம், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். ஒரு ராத்திரி மொட்டை மாடியில் அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்கி வந்தாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

அஞ்சுக்கு நாலு ஸ்டார்.