ஏற்காடு விடுதி வைஃபை: கன்ட்ரோலர் பெட்டியா, கிளவுடா?

சேலத்து ஜவுளி ஆலை மாதிரி ஒரே வளாகத்தில் நிறைய ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் கருவி) ஓடினால், அவை எல்லாவற்றையும் அங்கேயே இருந்து நிர்வகிக்கும் கன்ட்ரோலர் பெட்டிதான் சரி. ஸ்கேனரோடு ஷெட் விட்டு ஷெட் நடந்தாலும் இணைப்பு விடாது. ஆனால் ட்ராஃபிக் முழுவதையும் பெட்டி வழியே அனுப்பினால் அங்கேதான் நெரிசல். அப்படி வைத்திருக்கும்போது பெட்டி படுத்தால் எல்லாம் படுக்கும்.

ஏற்காட்டில் கணக்கு வேறு. நாலைந்து காட்டேஜுக்குத் தனிப்பெட்டி வீண்செலவு. கிளவுட் என்றால், அதாவது இணையம் வழியே நிர்வகித்தால், சேலத்தில் உட்கார்ந்தே சேனல் (வைஃபை அலைவரிசை) மாற்றலாம், 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டாம். மழையில் மரம் விழுந்து ஃபைபர் அறுந்தால்? ஆக்சஸ் பாயின்ட் பாட்டுக்கு ஓடும், ரிசப்ஷன் பிரின்டரில் பில் வரும். செட்டிங் மாற்றத்தான் முடியாது. விருந்தினர் லாகின் பக்கம் கிளவுடில் இருந்தால் அதுவும் போச்சு. அப்புறம் கிளவுட் சந்தா: காலாவதியானால் சில பிராண்டுகளில் வைஃபையே நின்றுவிடும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.