கேதார்காந்தா போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன் படிக்கவும்

டிசம்பர் கடைசியில் பனி பார்க்கலாம் என்று உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா சிகரத்துக்கு மலையேற சென்னையிலிருந்து மூன்று பேர் கிளம்பினோம். தலைக்கு 9,500 ரூபாய், முழுப் பணமும் முன்னாலேயே. "மைனஸ் 10 டிகிரி ஸ்லீப்பிங் பேக், இரண்டு பேருக்கு ஒரு டென்ட், எல்லாம் எங்க பொறுப்பு சார்" என்று வாட்ஸ்அப்பில் உருகிய ட்ரெக் ஏற்பாட்டாளர், நாங்கள் டேராடூனிலிருந்து பத்து மணி நேரம் வண்டியில் குலுங்கி, ஏற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் போனையே எடுக்கவில்லை. எங்களை உள்ளூரில் வேறொருவருக்குக் கைமாற்றி விட்டிருந்தார், அவ்வளவுதான்.

முதல் ராத்திரி தங்கியது வழியில் இருக்கும் ஜூடா கா தாலாப் என்ற குளத்தங்கரையில். சுமார் 9,000 அடி, குளம் கல்லாக உறைந்து கிடந்தது. இரண்டு பேர் டென்டில் மூன்று பேர். அதுவும் மழைக்குப் போடுகிற சாதாரண டென்ட், வெளித்துணிக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, அந்த வழியாகத்தான் காற்று ராத்திரி முழுக்க வந்து போனது. டென்ட் போடும் முன் அடியிலிருக்கும் பனியை மிதித்துக் கெட்டியாக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. விரித்தது யோகா பாய் மாதிரி ஒன்று. உடம்புச் சூட்டில் பனி இளகி இரண்டு மணிக்கெல்லாம் என் இடுப்பு ஒரு குழிக்குள் இருந்தது. மூச்சுக்காற்று உள்பக்கத் துணியில் படிந்து உறைந்துவிட்டது, யாராவது புரண்டு படுத்தால் மூஞ்சியில் பொடிப்பொடியாகக் கொட்டும்.

தூக்கம் வராமல் ஹெட் டார்ச்சில் ஸ்லீப்பிங் பேக் லேபிளைப் பார்த்தேன். கம்ஃபர்ட் (குளிராமல் தூங்கலாம்) 8 டிகிரி, லிமிட் (சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம்) 4, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 10. அவர் சொன்ன மைனஸ் 10 இதுதான்! எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான கணக்கே இல்லை, சில மணி நேரம் உயிரோடு தாக்குப்பிடிக்கலாம் என்பதற்கானது, கை கால் விரல் மரத்துப் புண்ணாகாது என்றுகூட அதில் உத்தரவாதம் கிடையாது. நமக்கு வேண்டியது கம்ஃபர்ட் எண் மட்டும்தான். பணம் கட்டும் முன் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பாய் எவ்வளவு தடிமன் என்றும் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

வேறு பேக் கேட்டதற்கு ஒரு பையன் கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு டென்டுக்குள்ளேயே வந்துவிட்டான். "குச் நஹி ஹோகா பையா" (ஒன்றும் ஆகாது அண்ணா) என்கிறான். மூடிய டென்டில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு, வாசனைகூட வராது, தூக்கத்திலேயே கதை முடிந்துவிடும். சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பினோம். சமையல்காரர் ஒருவர்தான் மனுஷன், எங்கள் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அதில்தான் விடிந்தது.

உச்சிக்குப் போகவில்லை, காலையிலேயே இறங்கிவிட்டோம். பாதிப் பணமாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு நான்கு நாள் கழித்து ஒரே வரி பதில்: "சார், பனியில குளிரத்தானே செய்யும்?"