ஓடிபியா, செயலியா, சாவியா?

மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் ஒன்று மட்டும் போதாது, இரண்டாவது பூட்டு வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று. எந்தப் பூட்டு என்பதில்தான் குழப்பம். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபிக்கு எதையும் நிறுவ வேண்டாம், எதையும் கற்க வேண்டாம். ஆனால் அது உங்கள் கைபேசியைத் தேடி வருவதில்லை. உங்கள் எண்ணைத் தேடி வருகிறது. "சிம் தொலைந்துவிட்டது" என்று வேறொருவன் உங்கள் பெயரில் புது சிம் வாங்கிவிட்டால், ஓடிபி அவனிடம் போய்விடும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டார்சியின் எண்ணையே இப்படிக் கைப்பற்றி, அவர் கணக்கிலிருந்து கண்டதையும் பதிவிட்டார்கள்.

ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு இந்த வம்பு இல்லை. முதல் நாள் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போதே ஒரு ரகசிய எண் கைபேசிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை 6 இலக்கங்களைச் செயலி காட்டுகிறது. சிக்னலே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். அதன் பலவீனம் செயலியில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. ஒருநாள் அவசரத்தில் 4 இலக்கங்களை அடித்துவிட்ட பிறகுதான், தளத்தின் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதைக் கவனித்தேன். மீதி இரண்டையும் அடித்திருந்தால், அந்த 30 விநாடிக்குள் போலித் தளம் அதை உண்மையான தளத்தில் போட்டு உள்ளே நுழைந்திருக்கும்.

யுஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி இங்கேதான் வேறுபடுகிறது. தளத்தின் முகவரியைச் சரிபார்க்கும் வேலை நம் கண்ணை நம்பியில்லை. பதிவு செய்த முகவரி இல்லையென்றால் சாவி வாயே திறக்காது. படித்துச் சொல்ல நம் கையிலும் எந்த எண்ணும் இருக்காது. 85,000-க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கிய பிறகு ஒருவரின் அலுவலகக் கணக்குகூட இத்தகைய தூண்டிலில் சிக்கியதாகத் தெரியவில்லை என்று கூகுள் 2018-இல் சொன்னது. தொல்லை என்னவென்றால், காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒன்று தொலையும் என்று எண்ணி இரண்டாக வாங்க வேண்டும். இதே நுட்பத்தைக் கைபேசிக்குள் வைத்து, விரல்ரேகையால் திறக்க வைப்பதுதான் பாஸ்கீ. காசு செலவில்லை. பெரும்பாலானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மின்னஞ்சலுக்கு மட்டும் எனக்குச் சாவிதான்.

ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்ற இணைப்பை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சாவி வாங்கிய பெருமையில் இருந்த எனக்கு அங்கே கிடைத்த பதில்: "உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பட்டுமா?" முன்வாசலில் இரும்புப் பூட்டு, கொல்லைப்புறக் கதவில் வெறும் கொண்டி. அன்றைக்கே அந்த எண்ணை அங்கிருந்து நீக்கிவிட்டு, சாவி தொலைந்தாலும் உள்ளே போக உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்தேன்.