நாகர்கோவில் ஞாயிறு யாப்பு-அணி வகுப்பு: அசை பிரிப்பு அருமை, நோட்ஸ் சுமார்

வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு வீட்டு மாடியில், செய்யுள் கட்டுகிற விதியான யாப்பும், அதை அழகுபடுத்துகிற அணியும் சொல்லித் தருகிற வகுப்பு. பத்து ஞாயிறு, காலையில் இரண்டு மணி நேரம். கட்டணம் 1,500 ரூபாய், அச்சடித்த நோட்ஸுக்குத் தனியாக 150. வாசலில் போர்டு கிடையாது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதுகிறவர்கள். மீதிப்பேர் வெண்பா எழுதிப் பார்க்க ஆசைப்பட்டு வருகிறவர்கள்.

தேர்வுக் கூட்டம் இருக்கிற வகுப்புகளில் அணியைத்தான் முதலில் எடுப்பார்கள், மதிப்பெண் அங்கே இருப்பதால். இங்கே முதல் நான்கு வாரமும் யாப்பு. அதுதான் இந்த வகுப்பின் பலம். எழுத்து, அசை (எழுத்துகள் சேர்ந்தது), சீர் (அசைகள் சேர்ந்தது), தளை (சீரோடு சீர் சேரும் முறை), அடி, தொடை என்று ஆறு உறுப்பையும் ஒப்பிக்க வைக்காமல், அசையிலேயே இரண்டு வாரம் நிறுத்திவிடுகிறார்கள். குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும், ஒற்றோடு (மெய்யெழுத்தோடு) வந்தாலும் நேர். இரண்டு குறில் இணைந்தாலும், குறிலும் நெடிலும் இணைந்தாலும், அவை ஒற்றோடு வந்தாலும் நிரை. விதி இவ்வளவுதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் ஒற்றெழுத்தையும் தனி எழுத்தாக எண்ணிவிடுகிறார்கள், அல்லது சொல் முடிகிற இடத்தில் அசையை முடித்துவிடுகிறார்கள். ‘நிலம்போலத்’ என்பது இரண்டு சொல், ஆனால் ஒரே சீர்: நிலம்/போ/லத், நிரை நேர் நேர், அதற்கு வாய்பாடு (அடையாளச் சொல்) புளிமாங்காய். இந்தத் தவறு ஒழியும்வரை தளைக்குப் போவதில்லை என்று பிடிவாதமாக இருக்கிறார் நடத்துகிற சார். பொறுமை இல்லாதவர்கள் மூன்றாவது வாரம் நின்றுவிடுகிறார்கள்.

தளைக்கு எடுத்துக்கொள்கிற குறள் நல்ல தேர்வு:

பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார்
இறைவன் அடிசேரா தார்

சீர்களின் வாய்பாடு வரிசையாகப் புளிமா, கருவிளம், கூவிளம், தேமா, புளிமா, புளிமாங்காய், கடைசியில் ‘தார்’ என்ற ஓரசைச் சீருக்கு நாள். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என வெண்பாவுக்குரிய தளையான வெண்டளைக்கான மூன்று வழியும் ஏழு சீருக்குள் வந்துவிடுகின்றன. இதே குறளைப் பொருள் புரிவதற்காக ‘அடி சேராதார்’ என்று பிரித்து எழுதிப் பாருங்கள். கடைசிச் சீர் சே/ரா/தார் என்று தேமாங்காய் ஆகிவிடும். குறளும் வெண்பாதான்; வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில்தான் முடிய வேண்டும். பொருளுக்காகச் சொல் பிரித்து அச்சிட்ட பதிப்பை வைத்து அலகிட்டால் திருவள்ளுவருக்கே தளை தட்டும்.

எதுகைக்கும் அதே குறள்: பிறவி, இறைவன். பிறவி-பெருங்கடல், முதல் இரண்டு சீரிலும் வருவதால் இணை மோனை. ‘பி’யும் ‘பெ’யும் எப்படி மோனையாகும் என்று கேட்பவர்களுக்கு, இ, ஈ, எ, ஏ ஓரினம் என்று விளக்கமும் உண்டு. நீந்துவர்-நீந்தார் முரண். அணியும் இதிலேயே இருக்கிறது. பிறவியைக் கடலாக்கியவர் இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விட்டுவிட்டார். ஒன்றை உருவகம் செய்து, அதோடு தொடர்புடைய மற்றொன்றை விட்டதால் ஏகதேச உருவகம். ஒரே பாட்டில் இத்தனையும் காட்டுகிற பாடம் சாதாரணமாகக் கிடைக்காது.

இவ்வளவு சொன்ன பிறகு நோட்ஸைப் பற்றிச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் 35 பொருளணியையும் வரிசையாக அடுக்கி, ஆளுக்கொரு இலக்கணம், ஆளுக்கொரு உதாரணம். மனப்பாடத்துக்கு ஆகும், புதிதாக ஒரு பாட்டைக் கொடுத்தால் கை நடுங்கும். போதாததற்கு ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளை வெறும் உவமை அணி என்று போட்டிருக்கிறார்கள். அதில் ‘போல’ எங்கே இருக்கிறது? உவமானம் (ஒப்பாகக் காட்டுவது) ஒரு தொடர், உவமேயம் (சொல்லவந்த பொருள்) ஒரு தொடர், நடுவில் ‘போல’ என்கிற உருபு மறைந்து நிற்கிறது. அது எடுத்துக்காட்டு உவமை.

வாய்மொழியாகச் சார் சொல்லித் தருகிற வழிதான் கைகொடுக்கிறது. முதலில் உருபைத் தேடு. ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’, உருபு வெளியே நிற்கிறது, உவமை. உருபு இல்லையென்றால் உவமேயத்தைத் தேடு. ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ குறளில் அறிவு என்கிற உவமேயம் இருக்கிறது, எடுத்துக்காட்டு உவமை. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ குறளில் மயிலிறகும் வண்டியும் அச்சும்தான் இருக்கின்றன. சொல்லவந்த பகைவர் கூட்டத்தைப் பாட்டுக்குள் காணோம், அதனால் பிறிதுமொழிதல். உவமானமும் உவமேயமும் ஒட்டி ஒரே சொல்லாக வந்தால் எது முன்னால் நிற்கிறது என்று பார்: கயல்விழி உவமைத்தொகை, விழிக்கயல் உருவகம். இந்த நாலு வரியை நோட்ஸின் முதல் பக்கத்தில் போட்டிருந்தால் 150 ரூபாய் நியாயம்.

தற்குறிப்பேற்றத்துக்குச் சிலப்பதிகார மதுரைக் கொடிகள்தான், எல்லாரும் சொல்வதுதான். ஆனால் இங்கே ஒரு கேள்வியைச் சேர்க்கிறார்கள்: காற்றில் கொடி இயல்பாக அசையுமா? அசையும். அந்த இயல்பான அசைவின் மேல், கோவலனைப் பார்த்து ‘வாராதே’ என்று சொல்வதான குறிப்பைப் புலவர் ஏற்றுகிறார். இயல்பாக நடக்காத ஒன்றைச் சொன்னால் அது தற்குறிப்பேற்றம் ஆகாது. தேர்வில் இதை உயர்வு நவிற்சியோடு (மிகைப்படுத்திச் சொல்வதோடு) குழப்புகிறவர்கள் பாதிப்பேர்.

உள்ளதை உள்ளபடி சொல்கிற இயல்பு நவிற்சிக்குக் கவிமணியின் ‘தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு’. பக்கத்துத் தேரூர்க்காரர் பாட்டு என்பதால் வகுப்பில் ஒரு தனி உற்சாகம் வருகிறது, அது நியாயம்தான். மடக்கு (ஒரே சொல் வேறு பொருளில் திரும்ப வருவது), சிலேடை (ஒரு தொடர் இரு பொருள் தருவது), சித்திரகவி (படத்துக்குள் அடங்கும்படி எழுதுவது) எல்லாம் ஒரே வாரத்தில் ஓடிவிடுகின்றன; சித்திரகவிக்கு அதுவே அதிகம்.

பெரிய குறை உள்ளுறை உவமம். பத்து வாரத்தில் அரை மணி நேரம்கூட இல்லை. சங்கப் பாட்டில் மீனும் நாரையும் கழியும் சும்மா வருவதில்லை. கருப்பொருளை (ஒரு நிலத்தின் விலங்கு, பறவை, மரம் போன்றவற்றை) சொல்லித் தலைவன் நடத்தையைச் சொல்வதுதான் உள்ளுறை. பேச்சிப்பாறை மலை, நாஞ்சில் நாட்டு வயல், குளச்சல் கடல் என்று திணைகளைப் பஸ்ஸிலேயே பார்த்துவிடக்கூடிய மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை விடுவது ஏனென்று தெரியவில்லை. புதுக்கவிதைக்கு ஒரே ஒரு வாரம். படிமம் (சொல்லால் வரைகிற படம்), குறியீடு, தொன்மம் (பழங்கதையை எடுத்தாள்வது) மூன்றுக்கும் இலக்கணம் சொல்கிறார்கள், ஆனால் படிமம் எங்கே குறியீடாக மாறுகிறது என்று காட்டுவதில்லை. ஒரே படம் பாட்டுக்குள் திரும்பத் திரும்ப வந்து, தன்னைத் தாண்டி வேறொன்றுக்கு ஆளாய் நிற்கும்போதுதான் அது குறியீடு. இதை ஒரு கவிதையை வைத்து வாசித்துக் காட்டப் பத்து நிமிஷம் போதும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்திலிருந்து பள்ளியில் மலையாளம் படித்துவிட்டு வருகிறவர்கள் தயங்க வேண்டாம். அணியில் அவர்களுக்குப் பெரிய சிரமமில்லை; அசை பிரிப்பில்தான் முதல் இரண்டு வாரம் கூடுதல் பயிற்சி வேண்டும். கேட்டால் வகுப்பு முடிந்தும் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள்.

வெண்பா எழுத வேண்டுமென்றால் முழுக் கட்டணமும் தாராளமாகக் கொடுக்கலாம். தேர்வுக்கு மட்டும் என்றால், ஐந்தாம் வாரத்திலிருந்து சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்; பாதிக் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நோட்ஸ் வாங்குவதற்குப் பதிலாகச் சீர் பிரித்து அச்சிட்ட ஒரு திருக்குறள் பதிப்பும், கோடு போட்ட நோட்டும் கொண்டு போங்கள். மாடியில் மேசை கிடையாது, பரீட்சை அட்டையும் வேண்டும்.