திருகோணமலையில் முழங்கால் கவசம் வாங்குவோரின் கவனத்துக்கு

கடந்த மே மாதம் திருகோணமலை நகரிலுள்ள ஒரு கடையில் 18,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஒரு சோடி முழங்கால் கவசம் போலியானது. கன்னியாவுக்கு அப்பாலுள்ள சரளைப் பாதையில் விழுந்து, இடது முழங்காலில் ஆறு தையல்களோடு வீடு திரும்பிய பிறகுதான் அதை அறிந்துகொண்டேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் அதே கவசங்கள், பிள்ளைகளுக்கான சிறிய அளவு உட்பட, சென்ற கிழமை வரை அங்கே தொங்கிக்கொண்டிருந்ததால், அவற்றை எப்படி இனங்காண்பது என்பதையாவது உடனே எழுதிவிட வேண்டும் என்று எண்ணினேன்.

2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் எங்களில் பலர் சைக்கிளுக்குத் திரும்பினோம். எரிபொருள் வந்த பிறகு பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளுக்கே மீண்டார்கள். நான் அந்தப் பழைய சைக்கிளை விற்று, கரடுமுரடான பாதைகளில் ஓட்டக்கூடிய ஒரு மவுண்டன் பைக்கை வாங்கிக்கொண்டேன். கிழமைக்கு மூன்று காலைகள், வெயில் ஏறுமுன், உப்புவெளிப் பக்கமிருந்து புறப்பட்டுக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் கடந்து, புதர்க்காட்டு ஒற்றையடிப் பாதைகளில் ஒன்றரை மணித்தியாலம் ஓட்டுவது என் வழக்கம். மாரி மழை ஓய்ந்து பெப்ரவரி பிறந்தால், அந்தப் பாதைகளின் மண் காய்ந்து கல்லைப்போல் இறுகிவிடும். அதன்மேல் சிறு சரளைக் கற்கள் ஒட்டாமல் உருண்டுகொண்டே கிடக்கும். வேகமாக ஓட்டுபவர்கள் மட்டுந்தான் அதில் விழுவார்கள் என்று எண்ணுவது தவறு. திரும்பும்போது முன்சக்கரத்தின் பிடி ஒரு கணம் விட்டுப்போனால் போதும், நடை வேகத்திலும் விழலாம், விழும்போது முதலில் நிலத்தைத் தொடுவது பெரும்பாலும் முழங்கால்தான்.

முழங்கால் கவசம் பந்தயக்காரர்களுக்கு உரியது என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் இன்னும் வலுவாக இருக்கிறது. தலைக்கவசமும் கையுறையும் அணிபவர்கள்கூட முழங்காலை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். பிறகு, என்னோடு ஓட்டும் நண்பர் ஒருவர், எத்தனையோ முறை போய்வந்த பாதையில், எந்தச் சாகசமும் செய்யாமல், ஒரு வேரில் சறுக்கி விழுந்து முழங்காற்சில்லு வெடித்து மாதக்கணக்கில் படியேற முடியாமல் இருந்ததைப் பார்த்தேன். கவசம் தேவைப்படும் நாள் எதுவென்று புறப்படும்போது தெரியாது என்பதால், அணிவதென்றால் ஒவ்வொரு நாளும் அணிய வேண்டும். ஒவ்வொரு நாளும் அணிவதென்றால் அது இந்த ஊர் வெக்கையில், மிதித்து ஏறும்போது தொல்லை தராத அளவுக்கு இலேசாக இருக்க வேண்டும். அத்தகைய கவசங்கள் உண்மையாகவே இருக்கின்றன. மலைச்சரிவில் வேகமாக இறங்குவோருக்கான கடின ஓடுள்ள கனத்த வகை வேறு. நாளாந்தப் பாதை ஓட்டத்துக்கான வகை, காலுறைபோல இழுத்து மாட்டும் ஒரு துணியுறையும், முழங்காற்சில்லின் மேல் அடியைத் தாங்கும் ஒரு மென்தட்டும், மடிப்புப் பக்கத்தில் காற்றுப் போக வலைத்துணியும் கொண்டது.

நான் தேடியது இரண்டாவது வகை. விற்றவரும் அதை முதல் நிமிடத்திலேயே விளங்கிக்கொண்டார்.

"அண்ணன், இது கொழும்பிலயே லேசில கிடைக்காத சாமான். லெவல் டூ. போட்டிருக்கிறதே உங்களுக்குத் தெரியாது," என்று சொல்லிக் கையில் கொடுத்தார். உறையில் உலகறிந்த ஒரு நிறுவனத்தின் பெயர் நேர்த்தியாக அச்சிடப்பட்டிருந்தது. அதன் கீழே, ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியது என்பதைச் சொல்லும் சீஈ குறியும், அடிதாங்கும் திறனில் இரண்டாம் நிலை என்பதைக் குறிக்கும் 'லெவல் 2' என்ற எழுத்தும் இருந்தன. அளவு கேட்டதற்கு, இழுபடும் துணி என்பதால் எல்லோருக்கும் பொருந்தும் என்றார். உள்ளிருக்கும் தட்டைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். தையலை விரித்து, செம்மஞ்சள் நிற விளிம்பொன்றை மாத்திரம் காட்டினார். பிரித்தானியாவில் 1999 இல் உருவான டீ3ஓ என்ற, பலமாக மோதும்போது இறுகி அடியைத் தாங்கும் பொருள் பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்த அரைகுறை அறிவே என்னை ஏமாற்றியது. பற்றுச்சீட்டில் 'விளையாட்டுப் பொருள் 1 சோடி' என்று மட்டும் எழுதினார். நிறுவனத்தின் பெயரையோ தர எண்ணையோ எழுதும்படி நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் கிழமை, ஒரு வியாழக்கிழமைக் காலை, வழக்கமான இடது திருப்பத்தில் சரளை உருண்டு முன்சக்கரம் வழுக்கியது. வேகம் மணிக்கு 15 கிலோமீற்றரைத் தாண்டியிருக்காது. நிலத்தில் கால் பட்ட அந்தக் கணத்திலேயே கவசம் கணுக்கால் பக்கமாக வழுக்கி இறங்கிவிட்டது. கல்லில் மோதியது என் வெறும் முழங்கால். வைத்தியசாலையில் காயத்தைக் கழுவிச் சிறு கற்களை எடுத்து, ஆறு தையல் போட்டு, ஏற்புத் தடுப்பூசியும் ஏற்றினார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. அதை என் நல்வினை என்றுதான் சொல்ல வேண்டும்.

வலது காற் கவசம் இடத்தைவிட்டு நகராமலிருந்தது. ஆனால் அந்த முழங்காலும் அடுத்த நாள் வீங்கிக் கறுத்திருந்தது. இறங்காத கவசம் ஏன் அடியைத் தாங்கவில்லை என்ற கேள்வியோடு, அதன் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தேன். செம்மஞ்சள் நிறம் ஒரு மெல்லிய துணிப் போர்வை மட்டுமே. அதற்குள் ஒவ்வொன்றும் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு கறுப்பு நுரைத்தட்டுகள், பசையால் ஒட்டப்பட்டு, நான் விழுந்த அடியில் ஓரங்கள் பிரிந்திருந்தன. புதுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மூலைகளில் வைத்து வரும் பொதி நுரைக்கும் அதற்கும் எந்த வேறுபாட்டையும் என்னால் காண முடியவில்லை. மேசை விளிம்பில் அதை வைத்து முஷ்டியால் குத்தினேன். விளிம்பு அப்படியே கையில் உறைத்தது. தட்டின் எந்தப் பக்கத்திலும் ஓர் எழுத்தோ எண்ணோ இல்லை.

போலி அங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. சைக்கிள் முழங்கால் கவசங்களில் நல்லவை பெரும்பாலும், மோட்டார் சைக்கிளோட்டிகளின் மூட்டுக் கவசங்களுக்கான ஈஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி சோதிக்கப்படுகின்றன. 5 கிலோகிராம் நிறையுள்ள ஒரு இரும்பை ஏறக்குறைய 1 மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, அதாவது 50 யூல் சக்தியோடு மோதவிட்டு, கவசத்தைத் தாண்டி அடிப்பக்கம் வந்து சேரும் விசையை அளப்பார்கள். அந்த விசை சராசரியாக 35 கிலோநியூற்றனுக்கு மேற்படாவிட்டால் முதலாம் நிலை; 20 கிலோநியூற்றனுக்கு மேற்படாவிட்டால் இரண்டாம் நிலை. இச்சோதனையில் தேறிய பொருள் தட்டுத்தான், துணியுறை அல்ல. ஆகவே அடையாளமும் தட்டின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். தயாரித்தவரின் பெயர், தர எண், மோட்டார் சைக்கிளில் ஒருவர் அமர்ந்திருக்கும் சிறு படம், முழங்காலைக் குறிக்கும் 'கே' என்ற ஆங்கில எழுத்து, தட்டின் பரப்பளவு வகையைச் சொல்லும் 'ஏ' அல்லது 'பி', நிலையைச் சொல்லும் 1 அல்லது 2 ஆகியவை அதில் இருக்கும். எங்கள் ஊருக்கு முக்கியமான இன்னொன்றும் உண்டு: 40 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் சோதித்துத் தேறிய தட்டில் 'ரி' எழுத்தும் கூட்டல் குறியும் சேர்ந்திருக்கும். அடிதாங்கும் மென்மையான பொருட்கள் பல வெப்பத்தில் இளகும் தன்மையுள்ளவை என்பதால், சித்திரை வைகாசி வெயிலில் ஓட்டும் நாங்கள் அந்தக் குறியைத் தேடிப் பார்ப்பது பொருத்தம். வெறும் சீஈ குறியை மட்டும் உறையில் அச்சிட யாராலும் முடியும். அதனோடு தர எண் இல்லாவிட்டால், என்ன சோதனை நடந்தது என்பதை அது உங்களுக்குச் சொல்லாது.

'போட்டிருக்கிறதே தெரியாது' என்ற அந்தச் சொல்லும் எனக்கு அன்றே உறுத்தியிருக்க வேண்டும். இரண்டாம் நிலைத் தட்டுகள் பெரும்பாலும் தடிப்பானவை; கடதாசிபோல் இலேசான கவசத்தில் இரண்டாம் நிலை என்று ஒருவர் சொன்னால், அதை அவர் தட்டைக் காட்டித்தான் நிரூபிக்க வேண்டும். நாளாந்த ஓட்டத்துக்கு முதலாம் நிலை குறைவான தெரிவும் அல்ல. பலர் விரும்பி அணிவது அதையே.

தையல் பிரித்த பிறகு, வெட்டிய கவசத்தோடு கடைக்குப் போனேன். விற்றவர் முதலில் கவசத்தைப் பார்க்கவேயில்லை, என் காலைப் பார்த்தார். "எண்ணெய் பூசின காலோட போட்டீங்களோ? வேர்த்தா எந்தக் கவசமும் இறங்கத்தானே செய்யும்," என்றார். எண்ணெயும் வியர்வையும் பிடிப்பைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நல்ல கவசத்தின் மேல்விளிம்பில் உட்புறமாகச் சிலிக்கன் பட்டி ஓடும், பலவற்றில் மேலே ஒரு வெல்க்ரோ வாரும் இருக்கும். இதில் சிலிக்கன் என்று நான் நம்பியது, கழுவினால் உதிரும் வெள்ளைச் சாயக் கோடுகள். அதைக் காட்டியதும், வெட்டிவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்றார். வெட்டாத மற்றக் கவசமும் பையில் இருக்கிறது என்றேன். அப்போதுதான், மேலும் 4,000 ரூபாய் தந்தால் 'இதைவிட நல்ல' ஒரு சோடி தருவதாகச் சொல்லி, வேறு நிறுவனப் பெயர் பொறித்த ஒன்றை எடுத்து வைத்தார். அதன் தையல் இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தேன். அதே செம்மஞ்சள் துணி, அதே மெல்லிய நுரை. நான் பணத்தையும் பெறவில்லை, அந்தச் சோடியையும் வாங்கவில்லை.

அங்கே நின்றபோது என்னை மிகவும் கலங்கச் செய்தது என் முழங்கால் அல்ல. என் அக்காவின் மகனுக்குப் பதின்மூன்று வயது. அவனும் இந்தப் பாதைகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறான். அடுத்த மாதச் சம்பளத்தில் அதே கடையில் அவனுக்கும் ஒரு சோடி வாங்கித் தருவதாக வாக்களித்திருந்தேன். கவசம் இல்லாதபோது பிள்ளை பள்ளத்தைக் கண்டு வேகத்தைக் குறைப்பான்; கவசம் இருக்கிறது என்று நம்பினால் குறைக்கமாட்டான். அந்த நம்பிக்கையைத்தான் அந்தக் கடை விற்றுக்கொண்டிருக்கிறது.

ஆகவே வாங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: தட்டை வெளியே எடுத்துக் கையில் தராத கடையில் பணம் கொடுக்காதீர்கள். நல்ல கவசங்கள் பலவற்றில் கழுவுவதற்காகத் தட்டைக் கழற்றி எடுக்க வழியிருக்கும். எடுக்க முடியாதபடி தைக்கப்பட்ட நல்ல கவசங்களும் உண்டு, ஆனால் அவற்றிலும் தரக் குறியீடு கண்ணில் படும் இடத்தில் இருக்கும். மென்தட்டைப் பெருவிரலால் மெதுவாக அழுத்தினால் உள்ளே போய், விரலை எடுத்ததும் ஆறுதலாக மீள வேண்டும். இறப்பர்ச் செருப்புப்போலச் சட்டென்று துள்ளி மீண்டால் அது விசைக்கேற்ப இறுகும் பொருளல்ல. தடித்த சாதாரண நுரையால் செய்த நேர்மையான கவசங்களும் சந்தையில் உள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றை விற்பவர் அவற்றை அப்படியே சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும்.

அளவு விடயத்தில் 'எல்லோருக்கும் பொருந்தும்' என்ற பேச்சை ஏற்காதீர்கள். தொடையின் சுற்றளவையும் கெண்டைக்காலின் சுற்றளவையும் வீட்டிலேயே அளந்துகொண்டு போய், அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மாட்டிய பிறகு கடைக்குள்ளேயே இருபது முறை குந்தி எழும்புங்கள். பிறகு இரண்டு கைகளாலும் கவசத்தைக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். அந்த இழுப்புக்கே இறங்கும் கவசம் சரளையில் நிச்சயம் இறங்கும். நான் கடையில் அதை மாட்டிப் பார்த்தேன், நின்று பார்த்தேன், நடந்து பார்த்தேன், இழுத்துப் பார்க்கவில்லை. உண்மையான கவசமும் முழங்கால் முறுகுவதையோ தசைநார் கிழிவதையோ தடுக்காது, வெட்டுக்காயத்தையும் சில்லில் விழும் நேரடி அடியையுமே தாங்கும் என்பதை, அதற்கு மேல் வாக்குறுதி கொடுக்கும் விற்பனையாளர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தாமதிக்க வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி முறைப்பாடு எழுத்தில், பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். ஆலோசனை கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பற்றுச்சீட்டு, கவசத்தின் படங்கள், விற்பவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள், வைத்தியசாலைச் சீட்டு ஆகிய எல்லாவற்றின் பிரதிகளையும் நான் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். 'லெவல் டூ' என்று அவர் எழுதிய செய்தி அதில் இருப்பதால்தான், பற்றுச்சீட்டின் வெறுமை ஓரளவு ஈடாகியிருக்கிறது.

வெட்டாத இடது காற் கவசத்தையும் பிரிந்த நுரைத்தட்டுகளையும் விசாரணைக்குக் கொண்டுபோவதற்காக உறையிலிட்டு வைத்திருக்கிறேன். அக்காவின் மகனின் சைக்கிள், சரியான ஒரு சோடி கிடைக்கும் வரை, உப்புவெளிக் கடற்கரை வீதியைத் தாண்டிப் போவதில்லை என்று அவனும் நானும் உடன்பட்டிருக்கிறோம்.