கொருக்குப்பேட்டை என்று தட்டச்சு செய்து பாருங்கள்: நான்கு எடிட்டிங் மென்பொருள்கள், ஓர் ஒப்பீடு

வடசென்னையில் வீடியோ எடிட்டிங் என்பது பெரும்பாலானோருக்கு மாலை நேர வேலை. வண்ணாரப்பேட்டை மண்டபத்துக் காதணி விழா, வியாசர்பாடியில் ஒரு கால்பந்துப் போட்டி, காசிமேட்டின் விடியற்காலை மீன் ஏலம், கானா பாடும் தம்பி ஒருவரின் புதுப்பாட்டு என்று எதை எடுத்தாலும், படம் பிடித்தவை ஒரு கேமராவும் இரண்டு மூன்று ஃபோன்களுமாக இருக்கும். அவற்றைக் கோத்து முடிக்க வேண்டிய லேப்டாப்பில் 8 ஜி.பி. ராம் இருக்கும், தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. மென்பொருள்களை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக எஃபெக்டுகளையும் டிரான்சிஷன்களையும் எண்ணிக் காட்டுகிறார்கள். எனக்கு இரவுகள் கழிவது வேறு மூன்று இடங்களில்: ஃபோன் கிளிப்பை உள்ளே கொண்டுவருவதில், தமிழ்த் தலைப்பை உடையாமல் நிறுத்துவதில், ஆறு மாதம் கழித்துப் பழைய புராஜெக்டைத் திறப்பதில். ஆகவே டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, ஃபில்மோரா, கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய நான்கையும் இந்த மூன்றை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் ஃபோன் கிளிப். கேமரா ஒரு நொடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 படம் என்றால் கடைசி வரை 25 ஃபிரேம்தான் பதிவு செய்யும். ஃபோன் அப்படியல்ல, வெளிச்சம் குறைந்தாலோ சூடேறினாலோ ஃபிரேம்களின் இடைவெளியைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இப்படி மாறும் ஃபிரேம் வேகத்தை ஒரு மென்பொருள் நிலையான வேகமாக எண்ணிக்கொண்டால், பத்தாவது நிமிடத்தில் பாடகரின் வாய் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போகும். ஷாட்கட்டும் கேடென்லைவும் இதைக் கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்ற கோப்பாக மாற்றித் தரட்டுமா என்று கேட்கின்றன. இந்த ஒரு கேள்வி எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ரிசால்வில் இறங்குகிறவர் ஹேண்ட்பிரேக் போன்ற வேறொரு கருவியில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகு உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பு.

லினக்ஸில் ரிசால்வின் நிலை இன்னும் கடினம். இலவசப் பதிப்பு அங்கே எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் பதிவான வீடியோக்களைப் படிக்காது, ஏ.ஏ.சி. முறையில் சுருக்கிய ஒலியையும் எடுத்துக்கொள்ளாது. ஃபோன் எழுதுவதோ இவற்றைத்தான். எல்லாவற்றையும் டி.என்.எக்ஸ்.எச்.ஆர். போன்ற எடிட்டிங்குக்கான வடிவத்துக்கு மாற்றினால், நொடிக்கு 20 மெகாபிட்டுக்குள் இருந்த முழு எச்.டி. கிளிப் நொடிக்குச் சுமார் 120 மெகாபிட்டாக வீங்கும். கணக்கிட்டால், ஒரு மணி நேரத்துக்கு 9 ஜி.பி. பிடித்த இடத்தில் 54 ஜி.பி. வேண்டும். மூன்று ஃபோன், நான்கு மணி நேர வரவேற்பு என்றால் ஹார்ட் டிஸ்க்குக்கு என்ன ஆகும் என்பதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

மண்டபத்து டியூப்லைட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய வகை விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. 25 ஃபிரேம் அதில் சரியாக அடங்கும், 30 ஃபிரேம் அடங்காததால் படம் மினுக்கும். கேமராக்காரர் 25-இல் எடுத்திருப்பார், உறவுக்காரர்களின் ஃபோன்கள் 30-இல் எடுத்திருக்கும். 30-ஐ 25 ஆக்கினால் ஆறில் ஒரு ஃபிரேம் விழும். நலங்கு வைக்கும் காட்சியில் அது தெரியாது, கோலை நோக்கிப் பந்து போகும்போது தெரியும். ரிசால்வில் முதல் கிளிப்பைச் சேர்த்த பிறகு புராஜெக்டின் டைம்லைன் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) ஓடும் ஃபிரேம் வேகத்தை மாற்ற முடியாது என்பதால், முதலில் கேமராவின் கிளிப்பை இழுத்துப் போடுவதா ஃபோனின் கிளிப்பை இழுத்துப் போடுவதா என்பதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

இனி எழுத்து. மென்பொருளை நிறுவியவுடன் தலைப்புக் கருவியைத் திறந்து ‘கொருக்குப்பேட்டை’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ‘கொ’, இரட்டைக்கொம்பு பெற்ற ‘பே’, இணைக்கொம்பு பெற்ற ‘டை’ என்று மூன்று சோதனைகளும் ஒரே ஊர்ப்பெயரில் அடங்கியிருக்கின்றன. யூனிகோடு முறையில் மெய்யின் எழுத்துதான் முதலில் பதிவாகிறது. கொம்பு அதற்குப் பின்னால்தான் பதிவாகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதற்கு ஹார்ஃப்பஸ் போன்ற ஓர் எழுத்துக்கோப்பு நிரல் வேண்டும். அது இல்லாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த ஒப்பீட்டில் இல்லாத வேறொரு மென்பொருளில் இப்படி உடைந்த ஒரு மணமகளின் பெயரைக் கவனிக்காமல் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் அந்த வீட்டுப் பெரியவர் முன்னால் நின்றிருக்கிறேன்.

கேடென்லைவும் ஷாட்கட்டும் க்யூட்டி என்ற நிரல்தொகுப்பின் மேல் கட்டப்பட்டவை. அதிலேயே ஹார்ஃப்பஸ் இருப்பதால் தமிழ் ஒழுங்காக நிற்கிறது. ரிசால்வின் டெக்ஸ்ட் பிளஸ் கருவியில் இந்திய எழுத்துகள் உடைவது பயனர்களின் நெடுநாள் புகார். பதிப்பு மாற மாற நிலைமையும் மாறுவதால், உங்கள் கணினியில் உள்ள பதிப்பில் சோதித்த பிறகே நம்ப வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களை ஸ்டுடியோக்காரர்கள் இன்றும் கைவிடாததற்கு இதுதான் காரணம். அவற்றில் கொம்பைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பதால் எந்த மென்பொருளிலும் எழுத்து உடையாது. ஆனால் அந்த வரியை நகலெடுத்து யூடியூப் சப்டைட்டிலில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக விழும். அழைப்பிதழ் அச்சடிக்க அது போதும், பாட்டு வரிகளுக்குப் போதாது. சப்டைட்டில் என்றதும் கேடென்லைவுக்கு ஒரு மதிப்பெண் கூடுகிறது: 2023-இல் வந்த பதிப்பிலிருந்து அது விஸ்பர் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயன்படுத்திப் பேச்சை எழுத்தாக்குகிறது, விஸ்பருக்குத் தமிழும் தெரியும். கானாவின் வேகத்துக்கும் வழக்குக்கும் அது தடுமாறத்தான் செய்யும்.

மூன்றாவது, பழைய புராஜெக்ட். கேடென்லைவும் ஷாட்கட்டும் அதைச் சாதாரணக் கோப்பாகச் சேமிக்கின்றன. வீடியோக்களுடன் சேர்த்து நகலெடுத்துவிடலாம். ரிசால்வ் தன் புராஜெக்டுகளை ஒரு தரவுத்தளத்துக்குள் வைக்கிறது. கிளிப்புகளை மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு விண்டோஸை அழித்து நிறுவியவர்கள், படம் இருந்தும் வெட்டிய வேலை போய்விட்டதைப் பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். புராஜெக்டைத் தனியே எக்ஸ்போர்ட் செய்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கேடென்லைவிலும் கண்ணி உண்டு: 23.04 பதிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட டைம்லைன்கள் வந்ததிலிருந்து, புதியதில் சேமித்ததைப் பழையதில் திறக்க முடியாது. நண்பரின் லேப்டாப்பில் பாதி வேலை செய்கிறவர்கள் இருவருமாகப் பதிப்பை ஒத்துக்கொள்வது நல்லது.

ஷாட்கட்டின் பழைய பதிப்புகளின் மேல் எனக்கு ஒரு தனிக் கோபம் உண்டு. அவற்றில் கிளிப்பிலிருந்து ஒலியைப் பிரித்தவுடன் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும். படத்தை நகர்த்தினால் ஒலி பழைய இடத்திலேயே கிடக்கும். கேடென்லைவில் இரண்டும் தனித்தனித் தடத்தில் இருந்தாலும் கூட்டாகவே நகரும். லேசான கணினியில் ஷாட்கட் சிரமமில்லாமல் ஓடுகிறது என்பதையும் மறுக்க முடியாது.

ஃபில்மோராவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள நான்கிலும் அதுவே எளிது. காசு கட்டாதவரையும் வேலை முழுவதையும் செய்ய விட்டு, எக்ஸ்போர்ட்டில் வாட்டர்மார்க் போடுகிறது. கட்டணம் செலுத்த முடிவு செய்தவருக்கு நல்ல பொருள். இலவசம் என்று எண்ணி இறங்குகிறவருக்கு அல்ல.

நிறத்திலும் ஒலிக் கலவையிலும் ரிசால்வுக்குப் பக்கத்தில் மற்ற மூன்றும் வர முடியாது. வாட்டர்மார்க் இல்லாமல் அல்ட்ரா எச்.டி. அளவு வரை இலவசமாகவே வெளியிடலாம். மங்கலான மண்டபத்துக்கு மிகவும் தேவையான, படத்தில் விழும் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் மட்டும் 295 டாலர் விலையுள்ள ஸ்டுடியோ பதிப்பில்தான் இருக்கிறது. 8 ஜி.பி. ராமில் ரிசால்வ் மூச்சுத் திணறுவதும் உண்மை.

ஆகவே கால்பந்தும் மீன் ஏலமும் கானாவும் என்னிடம் கேடென்லைவில் முடிகின்றன. நிறம் பார்க்க வேண்டிய கல்யாணங்கள் நண்பரின் விண்டோஸ் கணினியில் ரிசால்வுக்குப் போகின்றன. அவற்றுக்கான தலைப்புகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத படங்களாக்கி எடுத்துப் போகிறேன். அப்பா பெயரில் ‘ர’ வராது, ‘ற’தான் வர வேண்டும் என்று மணமகன் இரவு பத்து மணிக்கு ஃபோன் செய்தால், இங்கே படத்தைத் திருத்தி, அதே பெயரில் சேமித்து, பென் டிரைவுடன் நண்பரின் கணினி இருக்கும் தண்டையார்பேட்டைக்கு வண்டியை எடுக்க வேண்டியிருக்கிறது.