முழங்கால் வலி: வலிக்கும் இடமா, முழு உடலா?

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையப் படிகளில் காய்கறிப் பையோடு இறங்கியபோதுதான் என் வலது முழங்கால் முதன்முதலாக முரண்டு பிடித்தது. அதன்பிறகு இரண்டு வகை பிசியோதெரபியும் பார்த்துவிட்டேன்.

முதலாவது, வலிக்கும் இடத்தோடு நிற்பது: ஒத்தடம், பட்டி ஒட்டுதல், முன்தொடைத் தசைக்குப் பயிற்சி. அறுவை சிகிச்சைக்குப் பின்போ புதிதாகச் சுளுக்கியபோதோ இதுவே சரி. எனக்கும் வலி தணிந்தது; படி ஏறியதும் திரும்பி வந்தது.

இரண்டாவது, முழு உடலையும் பார்ப்பது: முழங்காலைத் தொடுவதற்கு முன்பே என்னை நடக்கச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் நின்றபோது இடுப்பு சரிந்தது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்தால் தொடை உள்நோக்கித் திரும்பும். சுமை முட்டிச்சில்லின் மேல் விழும். கணுக்கால் இறுகியிருந்தாலும் அப்படித்தான். தூக்கம், நாற்காலி, செருப்பு வரை கேட்டார்கள். (செருப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவேன் என்று நான் நினைக்கவில்லை.) முட்டிச்சில்லைச் சுற்றிய வலிக்கு இடுப்புப் பயிற்சியும் முழங்கால் பயிற்சியும் சேர்ந்தே பரிந்துரைக்கப்படுகின்றன.

இதில் நேரம் அதிகம், வீட்டுப் பயிற்சியும் அதிகம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவர் பரிந்துரைத்தால் செலவு குறையும். தனியாரிடம் நேரடியாகப் போகலாம். ஒன்றைக் கவனியுங்கள்: சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்டுகள் 2011இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். ‘முழு உடல்’ என்று பலகை மாட்டியவர்கள் எல்லாரும் பிசியோதெரபிஸ்டுகள் அல்லர்.

நாள்பட்ட வலி என்றால் நான் இரண்டாவதற்கே போவேன். வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இரண்டும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.